ஆள் உள்ள நேரம், ஆள் இல்லாத நேரம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு நாட்டில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு. வடக்கில் சண்டை. கொழும்பில் எந்த நேரத்தில் எது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த நிலைமையில்தான் எரிசக்திச் சிக்கன அதிகாரசபை கண்டியில் தன் கிளைக் கட்டிடத்தைத் திறந்தது. திறந்த கையோடு அதன் அறுபத்திரண்டு யன்னல்களையும் ஆணியடித்து மூடியது.

கண்டியில் யன்னலைத் திறந்துவிட்டால் காற்று தானாக வரும். அது அதிகாரசபைக்கும் தெரியும். ஆனால் அதிகாரசபையின் கட்டிட விதிக்கோவை குளிரூட்டப்பட்ட கட்டிடங்களில் மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்றுதான் சொல்லியிருந்தது. குளிரூட்டாத கட்டிடத்தில் எதை மிச்சப்படுத்துவது? ஆகவே நாட்டுக்கு முன்மாதிரி காட்டுவதற்காக முதலில் நான்கு மாடிகளையும் குளிரூட்டினார்கள்.

இராஜகுமாரிக்கு இதெல்லாம் புருஷன் சொல்லித்தான் தெரியும். அழகமுத்து அந்தக் கட்டிடத்தின் ஏசி மெக்கானிக். வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனை வீதியிலுள்ள ஒரு ஹோட்டலில் தொழில் பழகி, நாற்பது வயதில் அரசாங்க வேலை கிடைத்தவன். அவள் வத்தேகம பஜாரில் ஸுலைஹா உம்மாவின் தையல் கடையில் மெஷின் மிதித்தாள். புருஷனுக்கு அரசாங்க வேலை என்பதைக் கடையில் யாரிடமும் உரக்கச் சொல்லமாட்டாள். கண் பட்டுவிடும் என்ற பயம்.

கட்டிடத்தின் பத்தொன்பது அறைகளிலும் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டியொன்று சுவரில் இருந்தது. அதுதான் தெர்மோஸ்டாட். எத்தனை மணிக்கு ஏசி ஓட வேண்டும், எத்தனை பாகையில் நிற்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று ஒரு கிழமைக்கு உரியதை முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்கலாம். அறையில் ஆள் உள்ள நேரம் குளிரும். ஆள் இல்லாத நேரம் சும்மா இருக்கும். நல்ல சாமான்தான் என்று அழகமுத்துவே சொல்லியிருக்கிறான். பிழை பெட்டியில் இல்லை.

ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்து, முகம் கழுவாமலே உட்கார்ந்தான்.

"இப்ப ஹீட்டர் மாட்டச் சொல்லிட்டாங்க, குமாரி."

"ஹீட்டரா? கண்டிக்கா?"

"விதிக்கோவைல இருக்காம். ஏசிக்கும் ஹீட்டருக்கும் நடுவுல அஞ்சு பாகை இடைவெளி வைக்கணுமாம். ஹீட்டரே இல்லாட்டி இடைவெளி எங்கருந்து வரும்னு நவரட்ணராஜா ஐயா கேக்கிறாரு."

விதிக்கோவை பனி கொட்டும் தேசமொன்றிலிருந்து வந்தது. அதிகாரசபை அதில் மாற்றிய ஒரே பக்கம் முன்னட்டை. நிர்வாக உத்தியோகத்தர் நவரட்ணராஜா யாழ்ப்பாணத்தவர். இருபத்தாறு வருடச் சேவை. விதிக்கோவையைப் பாராயணம் செய்தவர். அவரிடம் அழகமுத்து பணிவாகக் கேட்டுப் பார்த்தானாம். "நீர் கேக்கிறது நியாயம்தான், அழகமுத்து. ஆனா நியாயத்துக்கு இதில பிரிவு இல்லை. பிரிவு ஏழு தசம் மூண்டு இருக்கு. அதைப் பாரும்" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாராம். ஹீட்டர்கள் வந்தன. காலையில் கொஞ்சம் குளிர்ந்தால் ஹீட்டர் எரியும். வெயில் ஏறினால் ஏசி ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து பாகை இடைவெளி கன கச்சிதமாக இருந்தது.

மின்வெட்டால்தான் வில்லங்கம் தொடங்கியது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பத்தொன்பது பெட்டிகளும் தமக்குச் சொல்லி வைத்ததை மறந்துவிட்டு, திங்கட்கிழமை பன்னிரண்டு மணி என்று கண்சிமிட்டின. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சின்னப் பற்றரி போட்டால் மறக்காது. அழகமுத்து பற்றரி கேட்டு எழுதினான். பதில் இரண்டு மாதத்தில் வந்தது. பற்றரி என்பது ஓர் எரிசக்தி மூலம். எரிசக்தி மூலங்களின் பாவனையைக் குறைப்பதே சபையின் நோக்கம். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அன்றிலிருந்து தினமும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவனே கையால் நேரம் வைத்தான். நினைவில் நிற்காது என்பதால், நவரட்ணராஜாவின் வாய்ச்சொல்லின்படி ஒரு கொப்பியில் அறைவாரியாக எழுதி வைத்துக்கொண்டான். எந்த அறையில் எப்போது ஆள் இருக்கும், எப்போது இருக்காது, எங்கே கூட்டம் நடக்கும், எத்தனை பேர் வருவார்கள். இதற்குள் அரசாங்கம், மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் கடிகாரத்தையே அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டது. பெட்டிக்கு ஒரு மணித்தியாலம் தள்ளத் தெரியும். அரை மணித்தியாலம் தள்ளத் தெரியாது. ஆகவே கொப்பியில் 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று இரண்டு நிரல்.

அதே மாதத்தில் கிளை, விதிக்கோவைச் சான்றிதழ் கேட்டுத் தலைமையகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. கண்டிக் கிளையின் தெர்மோஸ்டாட்டுகள் மனிதத் தலையீடு சற்றுமின்றித் தாமாகவே இயங்குகின்றன என்று அதில் இருந்தது. அதைத் தட்டச்சுச் செய்த அறையின் பெட்டிக்கு அன்று காலை நேரம் வைத்தது அழகமுத்துதான்.

கொழும்புப் பக்கம் ரயிலில் குண்டு வெடித்த கிழமை, வெள்ளிக்கிழமை, அவன் வழக்கமான பஸ்ஸில் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. இராஜகுமாரி சோற்றை மூடி வைத்துவிட்டுப் வாசல் படலையிலேயே நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் மக்கீன் வந்தார். அதிகாரசபையின் சாரதி, வீடு மடவளையில். வான் வண்டியின் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தார்.

"தங்கச்சி, பயப்படாம கேளுங்க. அழகமுத்துவ பஸ்ஸில வச்சு செக் பண்ணி பொலிஸ் கொண்டு போயீக்கிது. பேக்குல ஒரு பெட்டி இருந்தீக்கி. அதான் ஒழுங்கா வேல செய்யாத பெட்டி. வீட்டுல வச்சுத் திருத்தலாம்னு எடுத்திருப்பான் போல."

பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியும். முந்தின நாள் காலை அவன் வீட்டு வானொலியின் பற்றரிகளைக் கழற்றிக்கொண்டு போனதே, அதற்குள் போட்டு அது மறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். மறக்கவில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தபோது, நாலு வயர் தொங்க, சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டு அது கண்சிமிட்டியது. பக்கத்தில் கொப்பி.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி அவளை உட்காரச் சொன்னார். நடு வயது, தூக்கமில்லாத கண்கள். அவர் சிங்களத்தில் பேசினார். பஜார் சிங்களம் அவளுக்கு நன்றாக வரும். கொஞ்சம் தமிழ் வாசிக்கக்கூடிய கான்ஸ்டபிள் ஒருவன் கொப்பியை வைத்துக்கொண்டு நின்றான்.

"வாசி" என்றார் அவர்.

"இரண்டாம் மாடி, மாநாட்டு மண்டபம். வெள்ளிக்கிழமை. ஆள் உள்ள நேரம் ஒன்பதரை. நிறைய ஆள். ஒன்பதுக்கே தயார் பண்ணணும்."

பொறுப்பதிகாரி அவளைப் பார்த்தார். "ஒரு கட்டிடத்தில் எப்போது ஆட்கள் நிறைய இருப்பார்கள் என்று எழுதி வைப்பவனுக்கு என்ன வேலை, நோனா?"

"அது அவரோட வேலைங்க சேர். அந்தப் பெட்டிக்குத்தான்."

"அந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"நாம வைக்கிற நேரத்துக்குத் தானா வேலை செய்யும் சேர்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கான்ஸ்டபிள் கொப்பியை மெல்ல மேசையில் வைத்தான். புருஷனைக் காப்பாற்ற வந்து அவன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

"பழைய நேரம், புதிய நேரம்" என்று பொறுப்பதிகாரி விரலால் தட்டினார். "நாடே புதிய நேரத்துக்கு மாறியாயிற்று. பழைய நேரத்தை வைத்திருப்பது யார் என்று தெரியுமா? வடக்கில் இருப்பவர்கள்."

அவருக்குப் பின்னால் சுவரிலிருந்த நிலையக் கடிகாரம் அரை மணித்தியாலம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. இராஜகுமாரி அதைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு குரல் இறங்கியது. "உன் புருஷன் சொல்வது உண்மையாக இருக்கலாம். எனக்கு நம்பிக்கையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கடிதம் வேண்டும். இந்தப் பெட்டி தங்களுடையது, இந்தக் கொப்பியில் இருப்பது தாங்கள் சொல்லிச் செய்த வேலை என்று அவனுடைய கந்தோர் ஒரு கடிதம் தரட்டும். அன்றைக்கே விட்டுவிடுகிறேன். பதினாலு நாள் வைத்திருப்பேன். அதற்குப் பிறகு கொழும்புக்கு அனுப்பவேண்டி வரும். அங்கே போய்விட்டால் என் கையில் இல்லை."

அழகமுத்துவை ஐந்து நிமிடம் பார்க்கவிட்டார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது. "ஒரு அறைதான், நேத்து ராத்திரி. அப்புறம் ஒண்ணுமில்ல" என்றான். பக்கத்து அறையிலிருந்து யாரோ ஒரு பையன் விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தான். அழகமுத்து அந்தப் பக்கம் பார்க்காமல், "கந்தோர்ல சொல்லு குமாரி. ஒரு கடிதம்தானே. உடனே குடுத்துருவாங்க" என்றான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அதிகாரசபைக் கட்டிடத்துக்குள் அவள் கால் வைத்தபோது அனல் அடித்தது. பெட்டிகளுக்கு நேரம் வைக்க ஆளில்லை, ஏசி எதுவும் ஓடவில்லை, யன்னல்களில் ஆணி. கிளாக்கர்மார் விதிக்கோவையின் பக்கங்களால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நவரட்ணராஜா கழுத்துப் பட்டியைக் கூடத் தளர்த்தாமல் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இரும் பிள்ளை. கேள்விப்பட்டனான். சரியான துக்கம். கடிதம் குடுக்கிறதில எங்களுக்கு ஆட்சேபனை ஒண்டுமில்லை. என்ன எழுதுறது எண்டதுதான் பிரச்சினை."

"நடந்தத எழுதுங்க ஐயா. அவரு தினமும் கையால நேரம் வச்சாரு, நீங்க சொல்லித்தான் எழுதி வச்சாரு, அவ்வளவுதானே."

"அதைத்தான் எழுதேலாது." அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். "மனிதத் தலையீடு சற்றுமின்றி எண்டு தலைமையகத்துக்கு எழுதிப்போட்டம். அவர் கையால வச்சவர் எண்டு இப்ப எழுதினா, அது தலையீடு. தலையீடு இருந்தா விதிக்கோவைச் சான்றிதழ் இல்லை."

"அப்ப கொப்பி உங்களோடதுன்னு மட்டும் எழுதுங்க."

அவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கொப்பியில பணிப்பாளற்ர அறையும் இருக்குது, பிள்ளை. ஆள் உள்ள நேரம் பத்தேகாலிலயிருந்து பன்ரண்டு. அதுக்குப் பிறகு நாள் முழுக்க ஆள் இல்லாத நேரம். ஒரு மாசத்துக்கு, திகதியோட. அதைச் சபையின்ர ஆவணம் எண்டு ஆர் ஒப்புக்கொள்ளுறது?"

அவள் தினமும் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அதிகாரசபை வேலையில்தான் இருந்தது. கடிதத்தை வரைவதற்கு மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. முதல் வரைவில் பெட்டி சபையின் சொத்து என்று எழுதினார்கள். ஆனால் சொத்தைக் கட்டிடத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வழங்கியது யார் என்ற கேள்வி வந்தது. இரண்டாம் வரைவில் பெட்டி சபையினுடையதாக இருக்கக்கூடும் என்றார்கள். மூன்றாம் வரைவில் தெர்மோஸ்டாட் என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்கு விளக்கிவிட்டு, அழகமுத்து என்ற பெயரை விட்டுவிட்டார்கள். "இது பாதுகாப்பான வரைவு" என்றார் நவரட்ணராஜா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஏழாம் நாள் பொலிஸ் நிலையத்துக்கு அதிகாரசபையிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. கடிதம் வந்துவிட்டது என்று, வாசலில் நின்ற அவளிடம் கான்ஸ்டபிள் ஓடி வந்து சொன்னான். உடைத்துப் பார்த்தால் அது அழகமுத்துவுக்கு: அறிவித்தலின்றிக் கடமைக்குச் சமுகமளிக்காததற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தருக. விளக்கம் திருப்தியளிக்காவிடில் ஒழுக்காற்று நடவடிக்கை. பொறுப்பதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். "இவர்களுக்கு விலாசம் சரியாகத் தெரிந்திருக்கிறது" என்றார்.

அழகமுத்து அன்று அவளிடம் அதிகம் பேசவில்லை. பக்கத்து அறைப் பையனைக் காலையில் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

பத்தாம் நாள் அவள் பணிப்பாளரையே பார்த்தாள். பத்தேகாலுக்குச் சரியாகப் போய் வாசலில் நின்றதால் பார்க்க முடிந்தது. பணிப்பாளர் ரத்னவீர வெள்ளைவெளேரென்ற சட்டை போட்ட, இனிமையாகப் பேசுகிற மனிதர். அவர் அறையில் மட்டும் மேசை விசிறியொன்று ஓடியது.

"அம்மா, இந்தச் சபை ஒரு குடும்பம்" என்றார். "குடும்பத்தில் ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் நாங்கள் முதலில் செய்வது அவரைக் குடும்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பதுதான். அப்போதுதான் பிரச்சினை தெளிவாகத் தெரியும்."

"சேர், இன்னும் நாலு நாள்தான் இருக்கு. கொழும்புக்குக் கொண்டு போயிடுவாங்க."

"மின்சாரம் வரும், போகும். மனிதர்களும் அப்படித்தான். கட்டுப்பாடு நிலைத்து நிற்க வேண்டும். நான் சொல்வது விளங்குகிறதா? உங்கள் கணவர் போன நாளிலிருந்து இந்தக் கட்டிடம் நாற்பத்திரண்டு வீதம் மின்சாரத்தை மிச்சம் பிடித்திருக்கிறது. நாட்டிலேயே இதுதான் சாதனை. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது." அவர் எழுந்து நின்றார். "அவருடைய பங்களிப்பை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்."

வெளியே வந்து அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. இந்த மனிதர்களுக்கு அவள் புருஷன் மேல் ஒரு கோபமும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபமிருந்தால் காலில் விழலாம்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் மக்கீன் தையல் கடைக்கே வந்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நாளைக்குக் காலைல கொழும்புல இருந்து பரிசோதகர் வாறாராம், சேர்டிபிகேட்டுக்கு. வயசான இஞ்சினியர். பெட்டிக்கு எப்பிடி நேரம் வைக்கிறன்டு செஞ்சு காட்டணும்டு செல்லிட்டாராம். கந்தோர்ல ஒருத்தனுக்கும் தெரியா. பணிப்பாளர் தொட்டுப் பாத்தீக்கிறாரு, ஹீட்டர் பத்திக்கிச்சு. இப்ப பொலிஸுக்கு போன் பண்ணி, ஆள ரெண்டு மணித்தியாலத்துக்குத் தாங்கன்டு கேட்டீக்கிறாங்க. எழுத்துல கேக்கணும்டு ஸ்டேஷன் பொறுப்பதிகாரி செல்லீட்டாராம்."

இராஜகுமாரி தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுந்தாள். "எழுத்துலயா?"

"ஓ. நவரட்ணராஜா ஐயாதான் எழுதப் போறாரு."

மக்கீனின் வானிலேயே போனாள். கந்தோர் விடும் நேரம். நவரட்ணராஜா வெறுந்தாளொன்றைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதிரையில் உட்காரவில்லை.

"ஐயா, அவர எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு எழுதணும்தானே?"

"ஓம். காரணம் சொல்லாமல் கேக்கேலாது."

"அப்ப அவரு என்ன வேல செய்யிறாருன்னு எழுதணும். யாரு சொல்லி செய்யிறாருன்னு எழுதணும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்வை மெல்ல மெல்ல மாறியது. கைகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"பிள்ளை, நானும் தமிழன். என்ர வாடகை வீட்டுக்கு மாசத்தில ரெண்டு தரம் பொலிஸ் வந்து பதிவு பாக்குது. இந்தக் கந்தோரில நான் இருபத்தாறு வருஷம் இருந்தது எப்பிடித் தெரியுமோ? ஒரு வசனத்தையும் முழுசா முடிக்காமல் இருந்துதான்."

"தெரியுதுங்க ஐயா. நாளைக்கு மறுநாள் கொழும்புக்கு அனுப்பிடுவாங்க."

நவரட்ணராஜா கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினார். மூவர் குழு பன்னிரண்டு நாளாக எழுத முடியாத கடிதத்தை அவர் பத்து நிமிடத்தில் எழுதினார். எழுதிவிட்டு அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

'மேற்படி அழகமுத்து எமது சபையின் நிரந்தர ஊழியர். மின்வெட்டினால் எமது தெர்மோஸ்டாட்டுகள் நேரத்தை மறந்துவிடுகின்றபடியால், சபையின் பணிப்பின்பேரில் அவர் அவற்றுக்குத் தினமும் கையால் நேரம் வைத்துவருகிறார். தங்கள் வசமுள்ள பெட்டியும் கொப்பியும் எம்முடையவை. கொப்பியில் உள்ளவை நாம் எழுதச் சொன்னவை. இவ்வேலை தெரிந்த வேறொருவர் எம்மிடம் இல்லாமையால், நாளை காலை இரண்டு மணித்தியாலங்களுக்கு அவரை அனுப்பிவைக்கவும்.'

பணிப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மக்கீன் கடிதத்தை வானில் அங்கே கொண்டு போனார். பணிப்பாளர் கடைசி வரியில் 'இரண்டு மணித்தியாலம்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

மறுநாள் காலை மாநாட்டு மண்டபம் நிறைந்திருந்தது. மேசைகளில் பூக்கொத்து, குத்துவிளக்கு, கேக். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரொன்று வெளியே உறுமியது. இராஜகுமாரி பின்கதவோரம் மக்கீனுக்குப் பக்கத்தில் நின்றாள். பணிப்பாளர் பேசிக்கொண்டிருந்தபோதே அழகமுத்துவைக் கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. வலது கையில் விலங்கு. விலங்கின் மறுமுனை ஒரு கான்ஸ்டபிளின் இடது கையில்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நரைத்த தலைப் பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

பணிப்பாளர் தயங்கவே இல்லை. "கட்டுப்பாட்டுக் கருவிகளை அங்கீகரிக்கப்பட்டவர் தவிர வேறெவரும் தொடக்கூடாது என்று விதிக்கோவை சொல்கிறது, சேர். பிரிவு ஒன்பது. கண்டிக் கிளையில் நாங்கள் அதைக் கடுமையாகப் பின்பற்றுகிறோம்."

பரிசோதகர் தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

அழகமுத்து பெட்டியின் முன் நின்றான். பொத்தானை அழுத்த அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் கான்ஸ்டபிளின் கையும் கூடவே உயர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நேரம் வைப்பதுபோல் இருந்தது. பெட்டி முதலில் கேட்பது இன்றைய திகதி. அவன் கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். அவன் கான்ஸ்டபிளின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான். கான்ஸ்டபிள் அவன் காதோடு சொன்னான். அப்புறம் கை கடகடவென்று வேலை செய்தது. ஏசி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கூட்டம் கைதட்டியது. கான்ஸ்டபிளால் கைதட்ட முடியவில்லை.

அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் இராஜகுமாரி பின்கதவைத் தள்ளினாள். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். மேலதிகாரிகளுக்குப் போன் பண்ணிப் பேசி முடித்திருந்தார்.

"முழுதும் வாசித்தேன்" என்றார். "இதில் எல்லாம் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு என்று கேட்டிருக்கிறார்கள். மிச்ச நேரத்துக்கு இவனை வைத்திருக்க என்னிடம் காரணம் இல்லை. கூட்டிக்கொண்டு போ, நோனா."

பெட்டியையும் கொப்பியையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வெளியே வந்து அவள் அழகமுத்துவோடு பஸ்ஸுக்கு நடந்தாள். பாதி வழியில் நின்று, "அந்தப் பையன் பேரு கேக்கல நானு" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

அதிகாரசபைக்குச் சான்றிதழ் கிடைத்தது. வாசலில் பித்தளைத் தகடு அடித்தார்கள். அழகமுத்துவுக்கு அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. தெர்மோஸ்டாட்டுகள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இல்லாத காலத்திலேயே அதிக சிக்கனம் காட்டியமை புள்ளிவிபரங்களால் நிரூபிக்கப்பட்டிருக்கிறபடியால், அவருடைய பதவி நீக்கப்படுகிறது. அவருடைய ஒத்துழைப்புக்கு நன்றி. அவன் இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையில் இருக்கிறான். பஸ்ஸில் போகும்போது பையே கொண்டு போவதில்லை. சாப்பாட்டைக்கூடக் கையில் பொதியாகப் பிடித்துக்கொண்டு போகிறான்.

நவரட்ணராஜாவின் கடிதத்தின் பிரதியைப் பணிப்பாளர் பிறகு ஒருநாள் கோப்பில் கண்டார். நவரட்ணராஜாவை வவுனியாவுக்கு மாற்றினார்கள். அங்கே சபைக்குக் கிளை இல்லை, அமைக்கச் சொன்னார்கள். மின்சாரமே ஒழுங்காக வராத ஊரில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பொறுப்பை அவரைப்போல் அனுபவசாலியிடமே ஒப்படைக்கலாம் என்று பிரியாவிடைக் கூட்டத்தில் பணிப்பாளர் உருக்கமாகப் பேசினாராம்.

அவர் போகும் நாளன்று இராஜகுமாரியும் அழகமுத்துவும் பேராதனைச் சந்தி ரயில் நிலையத்துக்குப் போனார்கள். இவள் இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக் கொண்டுபோயிருந்தாள். அவர் ஒரு தோல்பெட்டியோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பட்டி இல்லை.

"எங்களாலதானுங்களே ஐயா இப்பிடி" என்றாள் அவள்.

"அப்பிடிச் சொல்லாதையும், பிள்ளை. இருபத்தாறு வருஷத்தில எத்தினை ஆயிரம் கடிதம் எழுதியிருப்பன். எல்லாத்துக்கும் இலக்கம் இருக்கு, பிரதி இருக்கு. ஒருத்தர் முழுசா வாசிச்சது அந்த ஒண்டைத்தான்." பொதியை மடியில் வைத்துக்கொண்டார். "அதுவும் ஒரு பொலிஸ்காரன்."

ரயில் வந்தது. அவர் ஏறி யன்னலோரம் உட்கார்ந்ததும் ஒரு சிப்பாய் அந்த ரயில் பெட்டிக்குள் வந்து, வடக்கே போகிறவர்களிடம் பயண அனுமதி கேட்டான். நவரட்ணராஜா சட்டைப்பையிலிருந்து மூன்று பக்கக் கடிதமொன்றை எடுத்துக் கொடுத்தார். சிப்பாய் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முத்திரையை மட்டும் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போனான்.

நவரட்ணராஜா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யன்னல் வழியாக இவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து இராஜகுமாரி அன்றுதான் பார்த்தாள். ரயில் நகர்ந்து வளைவில் திரும்பும்வரை அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார். அவளுக்குத்தான் சிரிக்க வரவில்லை.